வாத்தியார் வீட்டில் ஓர் இரவு: நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பயணங்கள்



சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், என்னோடு முன்பு பணியாற்றிய இளைய ஆசிரியை ஒருவர் குடும்பத்துடன் ஐரோப்பா சென்று வந்தார். மூன்று வாரப் பயணம். தங்கும் விடுதிக்கென்று ஒரு வெள்ளிகூடச் செலவிடவில்லையாம். ஊருக்கு ஊர் அங்குள்ள ஆசிரியர் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்கியிருக்கின்றனர். “இப்படியும் ஒரு வழி இருக்கிறது சார், நமக்குத்தான் இத்தனை நாளும் தெரியாமல் போயிற்று” என்றார்.

நான் சிரித்துக்கொண்டேன். நமக்குத் தெரியாத வழியா அது? நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த ஆசிரியர் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பள்ளி விடுமுறை தொடங்கியதும் பாயையும் தலையணையையும் விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுச் சமையற்கட்டின் ஓரத்தில் சுருண்டு படுத்தவர்கள் நாங்கள்.

மேனாட்டார் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1949இல், டென்மார்க்கில் சில இளைஞர்கள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினர். பல நாட்டு மக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகினால் பகைமை குறையும் என்பது அவர்களின் எண்ணம். அதுவே பின்னர் ‘செர்வாஸ்’ எனப் பெயர் பெற்றது. 1953இல் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் ‘இன்டர்வாக்’ என்னும் வீடுமாற்று அமைப்பைத் தொடங்கினர். ஆசிரியருக்கு விடுமுறை நீளம், சம்பளம் குட்டை. ஆகவே விடுமுறையில் என் வீட்டில் நீ இரு, உன் வீட்டில் நான் இருக்கிறேன் என்று ஏற்பாடு செய்துகொண்டனர். 2004இல் வந்த ‘கவுச்சர்பிங்’ இணையத்தளம் இதையே உலகறியச் செய்தது.

நம் தோட்டங்களில் அமைப்பு இல்லை, பெயர் இல்லை, உறுப்பினர் கட்டணமும் இல்லை. ஆனால் செயல் இருந்தது. அது எப்படி ஏற்பட்டது என்பதை விளங்கிக்கொள்ளத் தோட்டம் எத்தகைய இடம் என்பதை அறிய வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்துத் தோட்டம் என்பது ஊர் அன்று. அது தனியார் நிலம். மேட்டில் துரையின் பங்களா, சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள், அதற்கும் கீழே லயங்கள், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கோயில், கள்ளுக்கடை. நுழைவாயிலில் காவற்காரர் நிற்பார். வெளியார் ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால், யாரைப் பார்க்க வந்தாய், எப்போது போவாய் என்று கேட்கப்படும். தொழிற்சங்கத்தார் உள்ளே நுழைந்து தொழிலாளரோடு பேசுவதே பெரும் போராட்டமாக இருந்த காலம் அது. அங்கே சத்திரமும் இல்லை, சாவடியும் இல்லை. தமிழகத்தில் வழிநடையாய்ப் போகிறவன் கோயில் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுக்கலாம். செட்டிநாட்டார் தாங்கள் சென்ற ஊர்களில் எல்லாம் தங்களுக்கென விடுதி கட்டிக்கொண்டார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு அந்த வசதி எதுவும் வாய்க்கவில்லை. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் முன்பின் அறியாத ஒருவர் படுத்திருந்தால், விடிவதற்குள் செய்தி கிராணியார் காதுக்குப் போய்விடும்.

ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் ஒரு பள்ளி இருந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் குடியிருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளி என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டா. கொட்டகை, சில பலகைகள், ஒரு கரும்பலகை. தொடக்கத்தில் பல இடங்களில் கங்காணியோ கணக்கெழுதும் ஒருவரோதான் பாடமும் சொல்லிக் கொடுத்தார். இருப்பினும் அந்தச் சட்டத்தால் நாடெங்கும் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது அவற்றின் எண்ணிக்கை 888. பள்ளி இருந்தால் வாத்தியார் இருப்பார். வாத்தியாருக்குத் தோட்டம் ஒரு வீடு கொடுக்கும். கிராணி வீட்டைவிடச் சிறியது, லயத்தைவிடப் பெரியது. முன்னால் ஓர் அஞ்சடி, உள்ளே ஓர் அறையோ இரண்டோ, பின்னால் சமையற்கட்டு.

அந்த அஞ்சடிதான் நான் சொல்ல வந்த விடுதி.

என் தந்தையார் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 1946 முதல் ஆசிரியர். தோட்டத்து ஆசிரியர்களுக்கு அந்நாளில் முறையான கல்லூரிப் பயிற்சி கிடையாது. 1930களின் பிற்பகுதி முதல் ‘நார்மல் வகுப்பு’ என்னும் பகுதிநேரப் பயிற்சி நடைபெற்றது. வார இறுதியில் நகரத்துக்கு வந்து படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். தந்தையார் சிரம்பானில் படித்தார். லிங்கி, சிலியாவ், லாபு, பகாவ், தம்பின், ரொம்பின் எனத் திசைக்கொருவராய் வந்த இளைஞர்கள் ஒரே பலகையில் அமர்ந்தது அங்கேதான். வகுப்பு முடிந்ததும் மீண்டும் தத்தம் கித்தாக்காட்டுக்குள் மறைந்துபோவார்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரே ஆசிரியர், மிஞ்சினால் இருவர். பேச்சுத்துணை இல்லாத தனிமை. மாலையில் கிராணியோடு சரிநிகராக அமர முடியாது. லயத்துப் பெற்றோரோடு அமர்ந்தால் துரைக்குப் பிடிக்காது. ஆகவே விடுமுறை வந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போனதில் வியப்பில்லை. சுற்றுலா என்ற சொல்லையே அவர்கள் பயன்படுத்தியதில்லை. “பகாவ் பக்கம் ஒரு நடை போய் வருகிறேன்” என்பார் தந்தையார். அந்த நடை நான்கு நாள் நீளும்.

பாதையையும் சொல்ல வேண்டும். மண்சடக்கில் இரண்டு கல் நடந்தால் பேருந்துச் சாலை. சிரம்பான் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கோலப்பிலா பேருந்து. நடுவில் புக்கிட் புத்துஸ் மலைவளைவுகள். குடலைப் புரட்டும். கோலப்பிலாவில் இறங்கிப் பகாவ் வண்டி. பிறகு மீண்டும் மண்சடக்கு. வழியில் தோட்டத்து லோரி வந்தால் ஏறிக்கொள்ளலாம், வராவிட்டால் நடைதான். போர்ட்டிக்சன் பக்கம் போவது எளிது. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இலேயே இருப்புப்பாதை போட்டுவிட்டார்கள். ஈயத்துக்காகப் போட்ட பாதைதான். ஆனால் ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டது.

போர்ட்டிக்சன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எல்லா வாத்தியார் வீடுகளுக்கும் விருந்தினர் ஒரே அளவில் வருவதில்லை. கடற்கரைக்கு அருகில் இருந்த தோட்டத்து ஆசிரியர் வீட்டில் டிசம்பர் மாதம் முழுவதும் அடுப்பு அணையாது. மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருந்தவர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருவர் வந்தால் பெரிது. கடலோரத்து ஆசிரியர் ஒருவர் மாற்றல் கேட்டு எழுதினாராம். காரணம் உடல்நலக் குறைவு என்று எழுதினாராம். நண்பர்களுக்கெல்லாம் உண்மைக் காரணம் தெரியும் என்று தந்தையார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரித்தவரும் ஆண்டுதோறும் அங்கே போய்த் தங்கியவர்தாம்!

தந்தையார் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். நீல அட்டை போட்ட பள்ளிக் கணக்குப் புத்தகம். அவர் மறைந்த பின்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம். பேருந்துக்கு இவ்வளவு, தேநீருக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கிய வகையில் இவ்வளவு என்று காசு சுத்தமாக எழுதியிருக்கிறார். ‘தங்கும் செலவு’ என்று ஒரு வரி எல்லாப் பக்கத்திலும் உண்டு. எதிரே ‘இல்லை’ என்றிருக்கும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’.

அந்த ஏட்டில் என்னை நெடுநேரம் நிறுத்திய பக்கம் 1952ஆம் ஆண்டினது.

அது அவசரகாலம். 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை வரை நீடித்த காலம். கம்யூனிஸ்டுப் படையினர் காட்டில் இருந்தனர். அவர்களுக்கு உணவு போகாமல் தடுப்பதே அரசின் முதன்மை உத்தி. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை. இரவில் ஊரடங்கு. கட்டுப்பாடு கடுமையாய் இருந்த வட்டாரங்களில் வீட்டுக்கு இவ்வளவு அரிசி என்று அளந்தார்கள். காலையில் பால்வெட்டப் போகிறவர் கட்டுச்சோறு கொண்டுபோகக்கூடாது. வாயிலில் சோதனை. பிற்காலத்தில் சில இடங்களில் அரிசியை வீட்டில் வைக்கவே விடாமல், பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கிக் கொடுத்தார்கள்.

அத்தகைய காலத்தில், அப்போது மணமாகாத இளைஞராய் இருந்த என் தந்தையார் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த நார்மல் வகுப்பு நண்பரைப் பார்க்கப் போயிருக்கிறார். ஊரடங்குக்கு முன் திரும்ப வழியில்லை. ஓரிரவு தங்கினார். ஏட்டில் உள்ளது இவ்வளவுதான்: ‘வாயிலில் அட்டை காட்டியது. கிராணியார் அனுமதி. இரவு உணவு நன்று. தங்கும் செலவு இல்லை.’

அளந்து கொடுத்த அரிசியில், கணக்கில் இல்லாத ஒரு வாய் உண்டால், யாருடைய பங்கு குறைந்திருக்கும்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் விடை கிடைத்தபோதுதான் கேள்வியே தோன்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்பயணங்களால் விளைந்த நன்மை சிறிதன்று. தோட்டப்பள்ளியில் நூலகம் ஏது? ஒருவரிடம் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த மு.வ. நாவல் இருக்கும், இன்னொருவரிடம் பழைய கலைமகள் இதழ்கள் இருக்கும். பயணம் போகிறவர் பையில் இரண்டு புத்தகம் போகும், வேறு இரண்டு திரும்பி வரும். தமிழ் நேசன், தமிழ் முரசு நாளேடுகளில் வந்த கதைகளைக் கத்தரித்து ஒட்டிய ஏடுகள்கூட இவ்வாறு சுற்றின. நான் பொன்னியின் செல்வனை நான்கு வெவ்வேறு ஆசிரியர்களின் கையெழுத்திட்ட பாகங்களாகத்தான் படித்தேன். நடுவில் ஒரு பாகம் வராமலே போய்விட்டது! ஒரு பள்ளியில் ஒருவர் ஐந்து வகுப்பை எப்படிச் சமாளிக்கிறார், மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்கு எழுத்துப் பழக்குவது எப்படி என்பதெல்லாம் அந்த அஞ்சடிப் பேச்சில்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயின. எந்தப் பயிற்சி வகுப்பிலும் அது கிடைத்திராது என்பது என் கருத்து.

அப்பயணங்களின் உச்சம் என்று நான் கருதுவது 1966. ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயக அடிகளார் அதன் உயிர்நாடி. எனக்கு அப்போது எட்டு வயது. மாநாட்டுக்கு முதல்நாள் மாலையில் தந்தையாரின் நண்பர்கள் நால்வர் வெவ்வேறு தோட்டங்களிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டனர். அதிகாலையில் சிரம்பானில் தொடர்வண்டி ஏற வேண்டுமாம். கோலாலம்பூரில் செந்தூலில் ஓர் ஆசிரியர் வீட்டில் ஐவரும் தங்கினார்கள். பேரறிஞர்கள் வாசித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவர்களுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. திரும்பி வந்தபின் ஒரு மாதம் தந்தையார் வகுப்பில் வேறு எதையும் பேசவில்லை.

என் தாயார் போகவில்லை. ஐவருக்கும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பசியாறச் செய்து கொடுத்தார். அவர்கள் போனபின் பாத்திரம் கழுவிவிட்டு எங்களைப் பள்ளிக்குக் கிளப்பினார். அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும். தந்தையார் கொண்டு வந்த புத்தகங்களை அவருக்கு முன்பே படித்து முடித்தவர் அவர்தாம்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்தது இது. தந்தையார் தங்கிய வீடுகளிலெல்லாம் இன்னொரு பெண் இதே வேலையைச் செய்திருப்பார். ஆண்கள் போனார்கள், வந்தார்கள். சில வேளைகளில் பிள்ளைகளும் கூடப் போனோம். வாத்தியாரம்மாக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 1960களுக்குப் பின் பெண்கள் பலர் ஆசிரியைகளாக வந்தபோது இம்முறை அவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. தனியாய் ஒரு பெண் அறியாத தோட்டத்தில் போய் இரவு தங்குவதை வீட்டார் ஒப்புவார்களா?

இன்னொரு குறையையும் மறைக்கக்கூடாது. சில வீடுகளில் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே, “ஐயாவுக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பக்கம்?” என்று கேட்பார்கள். ஊரைக் கேட்பது எதை அறிவதற்கு என்பது நம்மவர்க்குத் தெரியும். விடை பிடிக்காவிட்டால் பாய் உள்ளே விரிக்கப்படாது, அஞ்சடியில் விரிக்கப்படும். தந்தையாரின் நண்பர் ஒருவர் ஒரு வீட்டில் இரண்டு முறை அஞ்சடியில் படுத்துவிட்டு மூன்றாம் முறை போகவேயில்லை. வகுப்பில் சமத்துவம் கற்பித்தவர்கள்தாம் அந்த வீட்டாரும்.

இம்முறை எப்படி மறைந்தது? தோட்டங்கள் அழிந்ததால் என்று பலரும் சொல்வர். அது பாதி உண்மை. விடுதலைக்குப் பின் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் வந்தபின் நீலாய், லாபு பக்கம் கித்தாக்காடு இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. இன்று நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ என்ற சொல் இருக்கிறது. சுற்றிலும் தோட்டத்தைக் காணோம்.

ஆனால் என் பார்வையில், தோட்டங்கள் அழிவதற்கு முன்பே வாத்தியார் வீடுகள் காலியாகிவிட்டன. காரணம் மோட்டார் சைக்கிள். ஆசிரியர்கள் அரசுச் சம்பளம் பெறத் தொடங்கியபின், எங்கள் தலைமுறை கடனில் ஒரு ஹோண்டா கப் வாங்கிக்கொண்டு சிரம்பானிலும் கோலப்பிலாவிலும் குடியேறியது. காலையில் தோட்டத்துக்குப் போய் மதியம் திரும்பினோம். நானே 1982இல் தோட்டத்து வீட்டை வேண்டாமென்று சொன்னவன். கூரை ஒழுகியது, தண்ணீர் வசதி சரியில்லை, பிள்ளைகளை நகரத்தில் படிக்க வைக்க வேண்டும். காரணங்கள் எல்லாம் சரியானவைதாம். ஆள் குடியில்லாத வீடு இரண்டு மழைக்காலம் தாங்காது. வண்டி வந்தபின் யாரும் யார் வீட்டிலும் தங்க வேண்டிய தேவையும் இல்லை. பகாவ் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம்.

இனி, 1952இல் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

தந்தையார் மறைந்த மறு ஆண்டு, 1996இல், தாயார் என்னிடம் ஒன்று கேட்டார். பகாவ் வாத்தியாரம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இரு வீட்டு ஆண்களும் மாறி மாறி வந்து தங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஹார்லிக்ஸ் போத்தலில் போகும். அதே போத்தலில் அங்கிருந்து மிளகுத்தூளோ வடகமோ திரும்பி வரும். அவசரகாலம் முடிந்ததிலிருந்து இது நடந்தது. ஒருவர் கைப்பக்குவம் ஒருவருக்கு அத்துப்படி. முகம் மட்டும் தெரியாது.

அந்த அம்மையார் பகாவ் நகரில் மகன் வீட்டில் இருந்தார். என் தாயாரைவிட நான்கைந்து வயது மூத்தவர். வாயிலில் இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். பிறகு தாயார், “நான் ரந்தாவ் வாத்தியார் வீடு, அக்கா” என்றார்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். எனக்கு அறையில் கட்டில் கொடுத்தார்கள். அவர்கள் இருவரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். உறக்கம் வராமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு 1952க்குப் போயிற்று.

“உங்க வீட்டுக்காரர் வந்த அன்னிக்கு அரிசி அளந்து பத்து நாளாச்சு. மிச்சம் ஒரு சுண்டுதான். ரெண்டு ஆம்பளைக்கும் போட்டுட்டு, நான் சாயங்காலமே சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டேன்” என்றார் அந்த அம்மையார்.

“மரவள்ளி இருந்துச்சாக்கா?”

“கொஞ்சம் இருந்துச்சு. அதைக் காலையில அவருக்குப் பசியாறக் கொடுக்கணுமே.”

தாயார் சற்று நேரம் கழித்து, “எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க்கா, மாசக் கடைசியில ஆள் வந்தா நானும் அதையேதான் சொல்லுவேன்” என்றார். பிறகு இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் ஓசை கேட்டது.

மறுநாள் புறப்படும்போது அந்த அம்மையார் சமையற்கட்டுக்குள் போய் ஒரு போத்தலைக் கொண்டு வந்தார். மூடி துருப்பிடித்திருந்தது. தந்தையார் கடைசியாக விட்டுப்போன போத்தலாம். வெறும் போத்தலைத் திருப்பக்கூடாது என்று வடகம் போட்டு நிரப்பியிருந்தார். தாயார் அதைப் புக்கிட் புத்துஸ் வளைவுகளில் உருளாதபடி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.